உலை நின்ற பிறகு ஆய்வாளர் எதைப் பார்ப்பார்?

சேலம், ஏற்காடு வட்டார வாசகர்கள் அணுமின் நிலையங்களை மூடிக் கலைப்பது பற்றி அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. அணு உலைப் பாதுகாப்பிலும் கதிர்வீச்சுக் கண்காணிப்பிலும் பழகியவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கல்பாக்கம் முதல் யூனிட் பல வருடமாக ஓடவில்லை என்று படித்தேன். ஓடாத உலைக்கு லைசென்ஸ் எதற்கு, ஆய்வு எதற்கு? கரண்ட்டைப் பிடுங்கிய மில் மாதிரிதானே அது?
— வாசகர், கன்னங்குறிச்சி

முதலில் ஒரு திருத்தம். கல்பாக்கம் முதல் யூனிட் 2018 ஜனவரியில் பழுதுக்காக நிறுத்தப்பட்டது. அதைக் கலைப்பு என்று சொல்ல முடியாது. நம் நாட்டில் நெடுங்காலமாக நின்று, எரிபொருள் முழுதும் வெளியே எடுக்கப்பட்ட மின் உலை என்றால் ராஜஸ்தான் ராவத்பாட்டாவின் முதல் யூனிட்தான். 1973-ல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது, 2004 அக்டோபரில் நின்றது. பெரிய மின் உலை ஒன்றைப் பிரித்தெடுத்து, தரையை மட்டமாக்கிய அனுபவம் இங்கே இன்னும் இல்லை.

மில்லில் சுவிட்சை அணைத்தால் சூடும் அணைந்துவிடும். உலையில் அப்படி நடக்காது. தொடர்வினையை நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் சுமார் 7 சதவீத வெப்பம் மிச்சமிருக்கும், ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் அளவுக்கு இருக்கும். 220 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்பத் திறன் ஏறக்குறைய 750 மெகாவாட். ஆக, நிறுத்திய மறுநாளும் மூன்று நான்கு மெகாவாட் வெப்பத்தை யாராவது எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எரிபொருளை எடுத்து, அதைக் குளிர வைக்கும் தண்ணீர்க் குளத்துக்குள் வைத்தாலும் அந்தக் குளத்தின் பம்புகள், நீர்மட்டம், மாற்று மின்சாரம் எல்லாம் பழைய கண்டிப்போடுதான் ஓட வேண்டும்.

எரிபொருளும் போய்விட்டால்? நிலையத்தில் இருந்த கதிரியக்கத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் அதோடு போய்விடும். ஊருக்கான ஆபத்து அங்கே சட்டென்று இறங்கும். ஆனால் வேலை பார்ப்பவருக்கான ஆபத்து அங்கேதான் ஏறத் தொடங்கும். நாற்பது வருடம் யாரும் கை வைக்காத குழாயை இப்போது அறுக்கிறார்கள். பூட்டியே கிடந்த அறைக்குள் சாரம் கட்டுகிறார்கள், நூறு டன் பாகத்தைக் கிரேனில் தூக்குகிறார்கள். நிலையத்தை ஓட்டிப் பழகியவர்கள் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள். வந்திருக்கும் ஒப்பந்தக்காரர் இடிப்பதில் கெட்டிக்காரராக இருப்பார், ஆனால் எந்தக் குழாயில் என்ன ஓடியது என்று அவருக்குத் தெரியாது.

இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று உண்டு: செத்த கேபிள் என்று குறித்து வைத்ததில் மின்சாரம் இருப்பது. வரைபடம் 1980-களுடையதாக இருக்கும். நடுவில் யாரோ வசதிக்காக ஒரு இணைப்பு கொடுத்திருப்பார்கள், அது வரைபடத்தில் ஏறியிருக்காது. இதைத் தவிர்க்கத்தான் வெளிநாடுகளில் கட்டடத்துக்கு வரும் மின்சாரம், அழுத்தக் காற்று, தண்ணீர் எல்லாவற்றையும் வெளிச்சுவரிலேயே துண்டித்துவிடுகிறார்கள். வேலைக்குத் தேவையான மின்சாரத்தைத் தனி நிறக் கேபிளில் புதிதாகக் கொண்டு வருகிறார்கள். அந்த நிறத்தைத் தவிர மற்றது எதை வேண்டுமானாலும் வெட்டலாம் என்ற ஒரே விதிதான் அங்கே. அந்த விதி உண்மையில் நிற்கிறதா என்று பார்ப்பது ஆய்வாளரின் வேலை.

இந்தியாவில் அந்தப் பொறுப்பு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துடையது. 1962-ம் வருட அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1983 நவம்பரில் அமைக்கப்பட்டது. இடத்தேர்வு, கட்டுமானம், சோதனை ஓட்டம், இயக்கம், கலைப்பு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் ஒப்புதல் தனித்தனியாக வேண்டும். இயக்க ஒப்புதலை வைத்துக்கொண்டு கலைப்பு வேலையைத் தொடங்க முடியாது.

ஆய்வு என்றால் உள்ளே போய் என்னதான் செய்வார்கள்? ஃபைலைப் புரட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வருவார்களா?
— பொறியியல் மாணவர், கருப்பூர்

ஃபைலைப் புரட்டுவது உண்மை. பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

கிளம்பும் முன்பே போன ஆய்வில் சொன்ன குறைகளின் பட்டியல், நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் அனுமதிச் சீட்டுகள், மூன்று மாதக் கதிர்வீச்சு அளவுப் பதிவு மூன்றையும் வரவழைத்துப் படிப்பார்கள். ஒரே வேலைக்கு ஒரு குழு 2 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு) வாங்கியிருக்க இன்னொரு குழு 6 வாங்கியிருந்தால், அந்த இடத்தில்தான் முதலில் போய் நிற்பார்கள்.

உள்ளே போனதும் ஒரு வெட்டும் வேலையை எடுத்துக்கொள்வோம். மாசுபட்ட குழாயை வெட்டும் இடத்தைச் சுற்றி பிளாஸ்டிக் கூடாரம் போட்டிருப்பார்கள். கூடாரத்துக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று உள்நோக்கி ஓடும், தூசி வெளியே வராது. ஆய்வாளர் வாசல் மடிப்பருகே ஒரு புகைக்குழலை ஊதிப் பார்ப்பார். புகை உள்ளே இழுபட்டால் சரி. வாசலில் சுற்றி நின்றால் எங்கோ கிழிந்திருக்கிறது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது.

அடுத்தது ஃபில்டர். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வகை அது. இரு பக்க அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மீட்டர் பக்கத்திலேயே இருக்கும். புது ஃபில்டரில் 25 மி.மீ. நீர்மட்ட அளவு காட்டும், தூசி ஏற ஏற உயரும். உயர்ந்தால் எல்லோரும் கவனிப்பார்கள். திடீரென்று இறங்கினால்தான் யாரும் கவனிப்பதில்லை. அதுதான் மோசம், ஃபில்டர் தாள் கிழிந்திருக்கலாம். கேஸ் கட்டிங் பொறி குழாய் வழியே ஏறி ஃபில்டரில் தீப்பிடிப்பது தெரிந்த விபத்து. ஃபில்டருக்கு முன்னால் பொறி தடுக்கும் வலைத்தட்டு இருக்கிறதா, வெட்டி முடித்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் (பல இடங்களில் ஒரு மணி நேரம்) தீக்காவலர் அங்கேயே நிற்கிறாரா என்று பார்ப்பார்கள். காவலர் பெயர் சீட்டில் இருக்கும், ஆள் கேன்டீனில் இருப்பார். இது எல்லா நாட்டிலும் நடக்கிற கூத்து.

சிர்கோனியம் குழாய்களுக்கு இன்னும் கெடுபிடி உண்டு. கல்பாக்கம், ராவத்பாட்டா முதல் யூனிட்கள் போன்ற 220 மெகாவாட் கனநீர் உலையின் எரிபொருள் போகும் 306 குழாய்களும் சிர்கோனியக் கலவைதான். அதன் மெல்லிய சீவலும் தூளும் தானே பற்றிக்கொள்ளும். அதனால் தண்ணீருக்கடியில் அறுப்பது, தூளை ஈரத்திலேயே வைத்துச் சேர்ப்பது என்று தனி நடைமுறை உண்டு.

பிறகு துடைப்புச் சோதனை. வட்டமான வடிதாளை எடுத்து 100 சதுர செ.மீ. பரப்பை மிதமாக அழுத்தித் துடைத்து, தாளைக் கதிர் எண்ணும் கருவியில் வைப்பார்கள். ஒட்டிக்கிடக்கும் மாசில் பத்தில் ஒரு பங்குதான் தாளுக்கு வரும் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். சுவரைத் துடைப்பது சம்பிரதாயம். விவரம் தெரிந்த ஆய்வாளர் ரம்பத்தின் கைப்பிடியையும், உடை மாற்றும் பெஞ்சையும், கிரேன் ஓட்டுநர் பிடிக்கும் கம்பியையும் துடைப்பார். மாசு கைவழியாகத்தான் வெளியே நடக்கும்.

தூக்கும் வேலைக்கு ஒரு உண்மை உதாரணம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சான் ஒனோஃப்ரே நிலையம் மூடப்பட்டு, எரிபொருளை உலர்கலங்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். 2018 ஆகஸ்ட் 3 அன்று சுமார் 50 டன் கலம் ஒன்றை நிலவறைக்குள் இறக்கும்போது உள்ளே இருந்த வழிகாட்டி வளையத்தின் விளிம்பில் அது உட்கார்ந்துவிட்டது. தூக்கும் பட்டைகள் தளர்ந்துபோயின. மேலே நின்றவர்களோ கலம் அடியைத் தொட்டுவிட்டது என்று நினைத்தார்கள். சுமார் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை, 18 அடி உயரத்தில் அந்த விளிம்பு மட்டும்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பத்திரமாக இறக்கினார்கள், ஒன்றும் கசியவில்லை. ஆனால் ஒழுங்குமுறை ஆணையம் 1,16,000 டாலர் அபராதம் போட்டது. இரட்டைப் பிடிமானம் செயலிழக்க விட்டது ஒரு குற்றம். நேரத்தோடு முறையாகத் தெரிவிக்காதது இன்னொன்று. இறக்கும்போது கிரேனின் எடை மீட்டரைப் பார்க்க ஒரு ஆளை நிறுத்தியிருந்தால், எடை இறங்கிய கணத்திலேயே தெரிந்திருக்கும்.

முடிவில் குறைகளைத் தரம் பிரித்து எழுதிக் கொடுப்பார்கள். எந்த வேலையை உடனே நிறுத்த வேண்டும், எதைத் தேதி குறித்துச் சரிசெய்ய வேண்டும், எது வெறும் ஆலோசனை என்று அதில் இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு திரும்பி வந்து பார்க்காவிட்டால் நீங்கள் சொன்ன டீ மட்டும்தான் மிச்சம்.

உலையை உடைத்த இரும்பு ஸ்கிராப்பாக எங்கள் மார்க்கெட்டுக்கு வருமா? வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
— இரும்பு வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை

இந்தத் தொகுப்பிலேயே உங்கள் கேள்விதான் சேலத்துக்கு ரொம்ப நெருக்கமானது.

ஒரு நிலையத்தில் இருக்கும் இரும்பில் பெரும்பகுதி கதிரியக்கத்தைக் கண்டதே இல்லை: டர்பைன் கட்டடத் தூண்கள், கேபிள் தட்டுகள், கடல்நீர்க் குழாய்கள். சுத்தமானவற்றை விடுவிப்பதற்குச் சர்வதேச அணுசக்தி முகமை 2004-ல் வெளியிட்ட அளவுகள் இருக்கின்றன. கோபால்ட்-60-க்கும் சீசியம்-137-க்கும் ஒரு கிராமுக்கு 0.1 பெக்கரல் (வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்). ஸ்ட்ரான்சியம்-90-க்கு 1, டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனுக்கு 100, இரும்பு-55-க்கு 1,000. அந்த அளவுள்ள பொருளோடு புழங்குபவருக்கு வருடத்தில் 10 மைக்ரோசீவர்ட் வாக்கில்தான் கூடும் என்பது கணக்கின் அடிப்படை. இயற்கையில் உலக சராசரியாக நாம் எல்லோரும் வாங்குவது வருடத்துக்கு 2,400 மைக்ரோசீவர்ட்.

அளப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. குழாயின் வெளிப்பக்கம் சுத்தமாகக் காட்டும், உள்ளே படிவு இருக்கும். நீளவாக்கில் பிளந்து உள்ளே அளக்க முடியாத குழாயை மாசுபட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெயின்ட் அடித்த பரப்பில் ஆல்ஃபா (மெல்லிய தாளே தடுத்துவிடும் கதிர்) வெளியே வராது, பெயின்டைச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் அழுக்கை நிறைய சுத்தத்தோடு கலந்து சராசரியைக் கீழே கொண்டுவருவது அனுமதிக்கப்படாத வேலை. ஆய்வாளர்கள் தேடிப்போய்ப் பிடிப்பதும் அதைத்தான்.

இன்னொரு தப்பு கணக்கில் ஒளிந்திருக்கும். கோபால்ட்-60 காமா கதிர் விடும், அளப்பது சுலபம். நிக்கல்-63, இரும்பு-55 எல்லாம் சாதாரண மீட்டரில் தெரியாது. அதனால் ஆய்வகத்தில் ஒருமுறை விகிதம் எடுத்துக்கொண்டு, கோபால்ட்டை மட்டும் அளந்து மற்றதைக் கணக்குப் போடுவார்கள். கோபால்ட்டின் அரை ஆயுள் 5.27 வருடம், 15 வருடத்தில் ஏழில் ஒரு பங்காகிவிடும். நிக்கல்-63-க்கு 100 வருடம், ஏறக்குறைய அப்படியே இருக்கும். பழைய விகிதத்தையே வைத்துக்கொண்டால் நிக்கலை ஏழில் ஒன்றாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருப்போம். விகிதம் எடுத்த தேதி என்ன என்று கேட்காத ஆய்வு அரைகுறை ஆய்வு.

இவ்வளவு சொன்னாலும், வியாபாரியாக நீங்கள் பயப்பட வேண்டியது உலை இரும்புக்கு அல்ல. 0.1 பெக்கரல் அளவில் ஒரு டன் இரும்பில் இருப்பது ஒரு லட்சம் பெக்கரல். பழைய புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியின் கோபால்ட் கதிர்மூலம் ஒன்றில் லட்சம் கோடி பெக்கரல் கணக்கில், அதுவும் நூறு மடங்குக்கு மேல் இருக்கும். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் நடந்தது அந்த வகை. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் பல வருடம் சும்மா கிடந்த காமா கருவி ஏலத்தில் போனது. ஸ்கிராப் கடையில் ஈயக் கவசத்தைப் பிரித்து உள்ளே இருந்த கோபால்ட் பென்சில்களை வெளியே எடுத்துவிட்டார்கள். ஒருவர் இறந்தார், பலருக்குக் கதிர்வீச்சுக் காயம். உருக்காலை, சிமென்ட், காகித ஆலைகளில் மட்டம் பார்க்கவும் தடிமன் பார்க்கவும் வைக்கும் அணுக்கதிர் கேஜ்களும் ஆலை மூடும்போது இப்படித்தான் தொலைகின்றன. சின்ன உருளை, இயல்புக்கு மீறிய கனம், மூன்று இதழ் சின்னம், இழுத்துப் பூட்டும் ஷட்டர் கைப்பிடி இருந்தால் வெட்டாதீர்கள்.

உருக்கினால் எது எங்கே போகும் என்பது தெரிந்திருக்கட்டும். கோபால்ட் இரும்போடு கரைந்துவிடும். 2008-ல் பிரான்சில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்த உலோகம் இந்தியாவிலிருந்து போனது என்று தெரிந்தது. சீசியம் ஆவியாகிப் புகைத் தூசியில் சேரும். 1998-ல் ஸ்பெயினின் அல்ஜெசிராஸ் உருக்காலையில் அப்படி வெளியேறியது பக்கத்து நாடுகளின் காற்றுக் கண்காணிப்பில் தெரிந்தது. அமெரிசியம், ரேடியம் கசடில் தங்கும். அதனால் ஆலை வாசலில் லாரியை மட்டும் சோதிப்பது போதாது, புகைத் தூசியையும் உருக்கு மாதிரியையும் கூடச் சோதிக்க வேண்டும்.

வாசல் கண்காணிப்புத் தூண்களுக்கு நடுவே லாரி நடைவேகத்தில் போக வேண்டும். வேகமாகப் போனால் கருவிக்கு எண்ண நேரம் கிடைக்காது. கோபால்ட் கதிரைப் பாதியாக்க 2 செ.மீ.க்குச் சற்று மேலான இரும்பு போதும். ஆகவே லோடின் நடுவில் கிடக்கும் மூலம் வாசலில் தெரியாமலும் போகலாம், கொட்டும் இடத்தில் கிராப் கிரேனிலும் ஒரு கருவி இருப்பது நல்லது. அலாரம் அடித்தால் லோடைக் கொட்டக் கூடாது. ஒருமுறைக்கு மூன்றுமுறை ஓட்டிப் பார்த்து உறுதியானதும், லாரியை ஆளில்லாத ஓரத்தில் நிறுத்தி, ஓட்டுநரை இறக்கி, சுற்றிலும் 30 மீட்டர் தூரத்தில் கயிறு கட்டுங்கள். கயிறு கட்டிய இடத்திலும் மீட்டர் மணிக்கு 100 மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் பின்வாங்குங்கள். மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒழுங்குமுறை வாரியத்துக்கும் சொல்லுங்கள். வாரியத்தின் தென்மண்டல மையம் சென்னையில்தான் இருக்கிறது. லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டால் தலைவலி தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அதை வழியில் இன்னொரு கடைக்கு அனுப்பி வைக்கிறார்கள்.

அணுக்கழிவு லாரிகள் எங்கள் ரோட்டில் போகுமா? மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியைப் பார்த்தேன்.
— லாரி உரிமையாளர், சங்ககிரி

நம் நாட்டில் குறைந்த அளவு கதிரியக்கமுள்ள திடக் கழிவை அந்தந்த நிலைய வளாகத்திலேயே கான்கிரீட் அகழிகளிலும் உருளைக் குழிகளிலும் வைக்கிறார்கள். கல்பாக்கம் உலைகளின் எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலையும் அதே வளாகத்தில் இருக்கிறது. எனவே கலைப்பு வேலை என்று ஒன்று வந்தாலும் கழிவு சங்ககிரி வழியாகப் போகக் காரணம் இல்லை. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வெல்டிங்கைப் படம் பிடிக்கும் இரிடியம்-192 கேமராவாகவோ மருத்துவமனைக்குப் போகும் மூலமாகவோ இருக்கும்.

ஸ்டிக்கர் மூன்று வகை. வெள்ளை–1 என்றால் பெட்டியின் மேற்பரப்பில் மணிக்கு 0.005 மில்லிசீவர்ட்டுக்குள். மஞ்சள்–2 என்றால் 0.5-க்குள், மஞ்சள்–3 என்றால் 2-க்குள். மஞ்சள் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் போக்குவரத்துக் குறியீட்டை நூறால் வகுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு எத்தனை மில்லிசீவர்ட் என்று வந்துவிடும். ஓட்டுநர் இருக்கையில் 0.02-ஐத் தாண்டக் கூடாது. இந்தச் சரக்கை ஏற்றும்போது அவசரகால விவர அட்டையை ஓட்டுநர் கேபினில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் ஏற்றாதீர்கள்.

என் கணவர் ஒப்பந்தக்காரர் மூலமாக ஓர் அணுமின் நிலையத்துக்குக் கேஸ் கட்டிங் வேலைக்குப் போகப்போகிறார். என்னவெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?
— வாசகி, ஆத்தூர்

வேலையில் சேரும் முன் மருத்துவப் பரிசோதனையும், உடம்புக்குள் இருக்கும் கதிரியக்கத்தை அளக்கும் முழு உடல் எண்ணிச் சோதனையும் செய்தார்களா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். போகும்போது எடுத்த அளவு இல்லாவிட்டால், வரும்போது உடம்பில் ஏதாவது இருந்தாலும் அது எங்கே ஏறியது என்று நிரூபிக்க வழியில்லை. அவருக்கென்று ஒரு நிரந்தர அடையாள எண் கொடுப்பார்கள். ஒப்பந்தக்காரர் மாறினாலும், ஊர் மாறினாலும் அதே எண்தான். அதை வீட்டில் எழுதி வையுங்கள். அடுத்த இடத்தில் புது ஆள் மாதிரி சேர்த்துக்கொண்டால் பழைய அளவு கணக்கில் வராது.

வரம்பு: தொடர்ந்து ஐந்து வருடத்தில் 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் கூடாது. மார்பில் அணியும், கதிர் அளவைப் பதியும் பேட்ஜை உடைக்குள் சரியான இடத்தில் போட வேண்டும். இரவல் கொடுப்பதும், ‘அளவு ஏறிவிட்டால் வேலை போய்விடும்’ என்று அறையிலேயே கழற்றி வைப்பதும் ஒப்பந்த வேலையில் நடப்பவைதான். அதனால் பாதிக்கப்படுவது அவர் மட்டும்தான்.

பேட்ஜுக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் உண்டு. கனநீர் உலைகளில் டிரிட்டியம் ஈரப்பதமாகக் காற்றில் இருக்கும். மூச்சிலும் தோல் வழியாகவும் உள்ளே போகும். அதன் கதிர் அவ்வளவு பலவீனமானது, பேட்ஜ் அதைப் பார்க்காது. சிறுநீர்ச் சோதனை ஒன்றுதான் வழி. மாதிரி கொடுக்காமல் வீட்டுக்கு ஓடி வரக் கூடாது. உடம்பில் அது பாதியாகக் குறையச் சுமார் 10 நாள் ஆகும், தண்ணீர் நிறையக் குடித்தால் சீக்கிரம் வெளியேறும்.

இரண்டாவது ஆல்ஃபா. கனடாவின் ப்ரூஸ் நிலையத்தில் 2009 நவம்பரில், அதே கனநீர் வகை உலை ஒன்றைப் புதுப்பிக்கும்போது குழாய்களைத் தேய்த்துச் சீராக்கினார்கள். பீட்டா, காமா அளவுகளை மட்டும் பார்த்து முகமூடி தேவையில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். பல வருடம் நின்ற உலையில் அவை தணிந்துபோயிருந்தன, ஆனால் ஆல்ஃபா அப்படியே இருந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சோதிக்க வேண்டிவந்தது. அதனால் வெட்டும் முன் ‘ஆல்ஃபா பார்த்தாச்சா?’ என்று அனுமதிச் சீட்டைக் காட்டிக் கேட்க வேண்டும். கேட்பது அவருடைய உரிமை.

கதிர்வீச்சை மட்டும் நினைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம், குழாய் உறையில் ஆஸ்பெஸ்டாஸ், தொட்டிக்குள் ஆக்ஸிஜன் குறைவு எல்லாம் உண்டு. 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் இறங்கவே கூடாது. பிளாஸ்டிக் உடுப்புக்குள் வெக்கை தாங்காது, எத்தனை நிமிடம் என்று முன்பே நேரம் குறித்திருக்க வேண்டும்.

ஏற்காட்டில் என் கையடக்க மீட்டர் சேலத்தைவிட அதிகம் காட்டுகிறது. கல்பாக்கத்துக் காற்றா?
— வாசகர், நாகலூர்

இல்லை. கல்பாக்கம் உங்களுக்கு நேர்கோட்டில் சுமார் 230 கி.மீ. தள்ளி இருக்கிறது. சேலம் கடல் மட்டத்துக்கு மேலே 280 மீட்டர் வாக்கில், ஏற்காடு 1,500 மீட்டர். விண்கதிர்களின் பங்கு மட்டுமே அந்த ஏற்றத்தில் சுமார் ஒன்றரை மடங்காகும். பாறையும் மண்ணும் தரும் பங்கு இடத்துக்கு இடம் மாறும். ஏற்காட்டில் இருப்பது போன்ற பாக்சைட் மண்ணில் தோரியம் பொதுவாகச் சற்றுத் தூக்கலாகத் தங்கும். விலை குறைந்த மீட்டரில் ஒரு நிமிட அளவை நம்பாதீர்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து, பத்து நிமிடச் சராசரி எடுங்கள்.

எங்கிருந்து வருகிறது என்று அறிய, ஆற்றலைப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவி வேண்டும். சீசியம்-137 என்றால் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் முகடு வரும். கோபால்ட்-60 என்றால் 1173, 1332 என்று இரட்டை முகடு. 1461-ல் மட்டும் நின்றால் பொட்டாசியம், அது உங்கள் தோட்டத்துக் காப்பிச் செடியிலும் இருக்கிறது.

ஐம்பது வருடம் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு உடைத்தால் என்ன? அதற்குப் பணம் எங்கிருந்து வரும்?
— வாசகர், அம்மாப்பேட்டை

செய்கிறார்கள். அமெரிக்காவில் நிறுத்தியதிலிருந்து 60 வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. பிரிட்டனின் பழைய மேக்னாக்ஸ் நிலையங்களில் பிராட்வெல் 2018-ல் முதலாவதாக அந்த நீண்ட காத்திருப்புக்குள் போனது. 50 வருடத்தில் கோபால்ட் எழுநூறில் ஒரு பங்காகிவிடும், ரோபோ இல்லாமல் ஆளே போய் வெட்டலாம். ஆனால் சீசியம் மூன்றில் ஒரு பங்கு இருக்கும், ஆல்ஃபா ஏறக்குறைய குறையாது. கூரை ஒழுகும், கேபிள் உறை உதிரும், நிலையத்தை அறிந்தவர்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பதிவேடு ஒழுங்காக இல்லாத இடத்தில் காத்திருப்பது லாபமில்லை என்பது எங்கள் கருத்து.

பணம் பற்றியும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இங்கே அணுமின்சாரக் கட்டணத்தில் யூனிட்டுக்கு 2 பைசா கலைப்புக்கென்று சேர்கிறது. நீங்கள் கட்டும் பில்லிலும் அதில் துளி இருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு அந்த நிலத்தில் வெள்ளாமை வைக்கலாமா, போர் போடலாமா?
— விவசாயி, ஓமலூர்

அமெரிக்கக் கணக்கு ஒரு விவசாயியை வைத்தே போடப்படுகிறது. அந்த நிலத்திலேயே வீடு கட்டி, அங்கேயே கிணறு தோண்டிக் குடித்து, விளைந்ததைத் தின்று, மாட்டுப் பாலையும் குடிப்பவருக்கு எல்லாம் சேர்த்து வருடத்தில் 0.25 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடாது. நிரூபிக்க நிலத்தைத் துண்டுகளாகப் பிரிப்பார்கள். மாசு இருந்திருக்கக்கூடிய இடம் என்றால் ஒரு துண்டு 2,000 சதுர மீட்டருக்குள், கட்டடத் தரை என்றால் 100 சதுர மீட்டருக்குள், இண்டு இடுக்கு விடாமல் முழுக்க அளப்பார்கள். பிறகு ஒழுங்குமுறை அமைப்பு தன் சொந்தக் கருவியோடு வந்து சில துண்டுகளை மறுபடி அளக்கும்.

அமெரிக்காவின் மெய்ன் யாங்கி நிலையம் 1997 முதல் 2005 வரை கலைக்கப்பட்டு நிலத்தின் பெரும்பகுதி விடுவிக்கப்பட்டது. ஆனால் எரிபொருளையும் கதிரியக்கம் மிகுந்த உலை உட்பாகக் கழிவையும் அடைத்த 64 கான்கிரீட் கலங்களைக் கொண்டுபோக இடமில்லாததால் அவை காவலோடு அங்கேயே நிற்கின்றன. இந்தியாவில் இந்த வளாகங்களுக்குள்ளேயே புது உலைகள் கட்டுவதால், உழவுக்குத் திரும்பும் பேச்சு இப்போதைக்கு எழாது.

போர் விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். சீசியம் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு நகராது. ஸ்ட்ரான்சியம் மெதுவாக நகரும். டிரிட்டியம் தண்ணீரோடு தண்ணீராகப் போகும். புதைந்த குழாயின் இணைப்பில் சொட்டியது மேல்மண் அளவில் தெரியாமல் நிலத்தடி நீரில் தெரியும். ஆகவே நிலைய எல்லையில் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கமாகக் கண்காணிப்புக் கிணறுகள் போட்டு, கட்டடம் போன பிறகும் பல வருடம் மாதிரி எடுப்பார்கள். குடிநீரில் டிரிட்டியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரல், அமெரிக்க வரம்பு அதைவிடக் கடுமையாக 740. அப்படிப்பட்ட நிலம் விலைக்கு வந்தால் பத்திரத்தோடு அந்தக் கிணறுகளின் வருடவாரி அளவுகளையும், எந்தெந்த ஆழத்தில் மாதிரி எடுத்தார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள். மேல்மட்ட நீரை மட்டும் சோதித்துவிட்டு நீங்கள் 600 அடிக்குப் போர் போட்டால், அந்தத் தாள் உங்கள் தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.